ராஜாவுக்கு ஒரு கட்டம்

எழிலன் செல்போனில் மின்னல் வேகத்தில் ஆடும் சதுரங்கத்தில் ஒரு ராஜா இருந்தாராம். முன்னால் மூன்று சிப்பாய்கள் அடைத்து நின்றதால் அவரால் மூச்சுகூட விட முடியவில்லை.

“தம்பி, ஒரு கட்டம் முன்னே போயேன். எதிரி யானை கடைசி வரிசைக்கு வந்துட்டா நான் எங்கே ஓடுவேன்?”

“எழிலனோட விரல் என்னைத் தொடணுமே, ராஜா,” என்றது சிப்பாய். “அது ராணியோட வேட்டையில இருக்கு. ரெண்டு குதிரையைச் சாய்ச்சாச்சு. என்ன வேகம் பாத்தீங்களா!”

“பாத்தேன், பாத்தேன். கடிகாரமே, நேரம் இருக்கா?”

“தாராளமா. நமக்கு நாற்பது விநாடி. எதிராளிக்கு நாலுதான்.”

விரல் மறுபடியும் ராணியைத்தான் முன்னே தள்ளியது. யானை கடைசி வரிசையில் வந்து நின்றது. ராஜா விழுந்தார்.

“இன்னும் முப்பத்தொன்பது மிச்சம் இருக்கே,” என்றது கடிகாரம்.

உடனே அடுத்த ஆட்டம். ராஜா வாய் திறப்பதற்குள் ராணிக்கு வழி திறந்தாயிற்று.