ஒரு வாளி சேறு

பார்த்தவர்கள், மனிதர் கேரட் கழுவுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி வேனை ஓரங்கட்டிவிட்டு, கட்டுக் கட்டாக எடுத்து வாளிக்குள் முக்கிக்கொண்டிருந்தார் கேரட் மாமா.

கிட்டப் போனால்தான் விஷயம் தலைகீழ் என்று தெரியும். பளபளவென்று வாளிக்குள் போன கேரட், சேறு சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் அன்றன்று பிடுங்கிய காய்தான் பள்ளி உணவகத்துக்கு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். "எங்க சித்தி தோட்டம்தான், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சொல்லித்தான் மாமா அதைப் பிடித்தார். முதல் வருஷம் சொன்னதெல்லாம் சத்தியம். அப்புறம் தோட்டத்துக்குப் போகிற குண்டும் குழியுமான பாதை அலுத்துவிட்டது. சித்தி பிடுங்கி முடிக்கும்வரை வரப்பில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதும் அலுத்துவிட்டது.

வழியிலேயே மொத்தச் சந்தை. அங்கே எல்லோரும் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடும் காய் வியாபாரியின் கடையில், கழுவித் துடைத்த கேரட் தினமும் தயாராகக் காத்திருந்தது. "மலைச் சரக்கு, ராத்திரி லாரியில இறங்கினது" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார் கண்ணாடிக்காரர்.

அதனால் சித்தியிடம் ஒரு பொய்: "ஸ்கூல்ல காய்கறியையே நிறுத்திட்டாங்க சித்தி." பள்ளிக்கு ஒரு வாளி. வேன் தரையில் உதிர்ந்து கிடந்த சித்தி தோட்டத்துச் செம்மண்ணைக் கூட்டிப் பெருக்கி ஒரு மூட்டை சேர்த்து வைத்திருந்தார். சரக்குதான் போலி, மண் அசல்.

கட்டுகளில் சுற்றியிருந்த மஞ்சள் பூப்போட்ட துணிக்கிழிசல்களை அவிழ்த்துப் புதரில் வீசிவிட்டு, வேனைப் பள்ளியின் பின்வாசலுக்கு ஓட்டினார்.

சமையலறை மேற்பார்வைக்காரம்மா ஒரு கேரட்டை முகர்ந்து பார்த்தார். "இந்த வாசனைக்காகவே வாங்கலாம்ண்ணே. சரி, ஒரு நல்ல சேதி. திங்கட்கிழமை மூணாம் வகுப்புப் பிள்ளைங்களை உங்க சித்தி தோட்டத்துக்குக் கூட்டிட்டு வர்றோம்."

மாமா அவசரமாகக் குறுக்கிட்டார். "அங்க... பாம்பு கீம்பு இருக்கும்மா."

"இத்தனை வருஷமா உங்க சித்தியையே கடிக்கலையே!"

அந்தம்மா ஒரு சுருளைக் கையில் திணித்தார். விரித்தால், பிள்ளைகள் வரைந்த படம். சுற்றிலும் கேரட், நடுவில் சித்தி, உடம்பைவிடப் பெரிதாக இரண்டு கைகள்.

"கை ஏன்மா இவ்வளவு பெருசு?"

"நானும் கேட்டேன். இத்தனை கேரட்டையும் ஒத்தை ஆளா பிடுங்குறாங்கல்ல, அதான்னு சொல்லுதுங்க."

படத்தைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்கு வண்டியை விட்டார் மாமா. மூன்று மாதம் எட்டிப் பார்க்காத பாதை. ஒவ்வொரு குழியிலும் வேன் குலுங்க, படத்திலிருந்த சித்தியும் 'ஏன்டா, ஏன்டா' என்று கேட்பதுபோல் குலுங்கினார். தோட்டம் காய்ந்து கிடக்குமோ, சித்தி சாப்பிட்டாரோ இல்லையோ. பேரம் பேசியே பிழைத்த வாய்க்கு, சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக்கூட அகப்படவில்லை.

தோட்டம் பச்சைப்பசேலென்று இருந்தது. தொட்டியோரம் முக்காலி போட்டு, கேரட் குவியலுக்கு நடுவில் சித்தி உட்கார்ந்திருந்தார்.

"வாடா ராசா! வழி மறந்துபோச்சோன்னு நினைச்சேன். என்ன, ஸ்கூல்ல மறுபடி காய் வாங்குறாங்களா? அப்படின்னா எனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்னு தெரியும்."

அந்த நம்பிக்கைதான் மாமாவைச் சாய்த்தது. போதாததற்கு, சித்தியின் கைகள் வேறு கண்ணில் பட்டன. நாளெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்து, விரலுக்கு விரல் வெடித்திருந்தன.

"அவங்க நிறுத்தவே இல்லை சித்தி." மாமா கையில் பிள்ளைகளின் படத்தோடு தொட்டியோரமே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "நான்தான் நிறுத்தினேன். சோம்பேறித்தனம். மூணு மாசமா கண்ணாடிக்காரர் கடையில வாங்கி, உங்க மண்ணைக் கரைச்சுப் பூசி, உங்க பேரைச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். திங்கட்கிழமை பிள்ளைங்க உங்களைப் பார்க்க வருதுங்க. அதுங்ககிட்ட என்ன வேணா சொல்லுங்க. அதுக்கு முன்னாடி என்னை நாலு அறை அறைஞ்சிடுங்க."

சித்தி அறையவில்லை. திட்டவும் இல்லை. படத்தை வாங்கி, ஈரம் படாமல் மடிமேல் வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தக் கடைன்னு சொன்னே?"

"சந்தையில சித்தி. கண்ணாடிக்காரர் கடை."

"தினமுமா?"

"தினமும்."

சித்தி தொட்டியிலிருந்து பளபளக்கும் கேரட் கட்டு ஒன்றை எடுத்து உதறினார். காலடியில் கிடந்த பழைய தலையணை உறையிலிருந்து டர்ரென்று ஒரு துண்டு கிழித்து, தழையைச் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.

துணியில் மஞ்சள் பூ.

மாமாவின் பார்வை அந்த முடிச்சைவிட்டு நகரவில்லை. சித்தி வெடித்த விரல்களை அவர் முகத்துக்கு நேரே விரித்தார்.

"மண்ணு ஒட்டியிருந்தா அந்தக் கண்ணாடிக்காரரு என்கிட்ட வாங்கமாட்டாருடா. நான் கழுவினதுலயா நீ மறுபடி மண்ணைப் பூசினே?"