கடைவாய்ப் பல்

பல் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியிருக்கிறதாம். இன்றைக்கே கீறிப் பிடுங்காவிட்டால் கழுத்துக்கு இறங்கிவிடுமாம். ஆனால் எனக்குப் பதினெட்டு வயது நிரம்ப இன்னும் சில மாதங்கள் இருப்பதால், அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போடாமல் ஊசியைத் தொடவே மாட்டாராம்.

எல்லாவற்றையும் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

என் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. வலி காதுக்குள் புகுந்து மண்டையைக் குடைந்தது.

படுத்துக் கிடக்க எனக்கு நேரமில்லை. மேல்மாடி வார்டில் குட்டிப்பயல் இருக்கிறான். நாளைக்கு அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பக்கத்துக் கட்டில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். என்னைத் தவிர யார் தூக்கினாலும் ஊரைக் கூட்டிவிடுவான்.

டாக்டரே அப்பாவுக்கு ஃபோன் போட்டுப் பார்த்தார். அப்பா என்னைத் தலைமுழுகி ஒரு வருஷம் ஆகிறது. தனக்கு அப்படி ஒரு மகளே கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா அவர் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டாள்.

மகளே இல்லை என்கிறவரின் கையெழுத்துதான் என் பல்லுக்கு வேண்டுமாம். கேட்டால் சட்டம் என்கிறார்கள். சட்டத்துக்குப் பல் வலித்தால் தெரியும்.

அழுது பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அழுதால் சின்னப் பெண் என்று முடிவே கட்டிவிடுவார்கள். நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்றேன். இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்து வர வேண்டியவர் கதவோரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கூட யாருமே வரவில்லையா என்று நர்ஸ் கேட்டார். மேலே குட்டிப்பயல் மட்டும்தான் என்றேன். அவர் வார்டுக்கு ஃபோன் போட்டு விசாரித்துவிட்டு, டாக்டரிடம் வந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

டாக்டரின் முகம் தெளிந்தது.

"மேல உன் தம்பி ஆபரேஷனுக்குக் காலையிலயே கையெழுத்துப் போட்டாச்சாமே. அதைப் போட்டவங்களையே கூட்டிட்டு வாம்மா, உடனே முடிச்சிடலாம்."

நல்ல மனுஷர். வழி கிடைத்துவிட்டது என்று அவருக்கு அவ்வளவு நிம்மதி.

நான் இறங்கவில்லை. வாய் பாதிதான் திறந்தது. இருந்தாலும் ஒரு சொல்கூடக் குழறக் கூடாது என்று நிதானமாகச் சொன்னேன்.

"போட்டது நான்தான் டாக்டர். அவன் தம்பி இல்ல, எம் பையன்."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சுவரைப் பார்த்தார். கழற்றிய கையுறை இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

நான் கையை நீட்டி விளக்கைப் போட்டேன். பின்னால் சாய்ந்து, திறக்கிற மட்டும் வாயைத் திறந்தேன்.