சனிக்கிழமை ஏணி

“பாரு, போஸ் குடுக்கறதை!” என்றார் ஆர்க்கிடெக்ட், காரை விட்டு இறங்கும் முன்பே.

முதியோர் இல்லத்தின் வாசலில் ஏணி மேல் நின்று, கதவு நிலையைச் சுத்தியலால் பெயர்த்துக்கொண்டிருந்தார் அவருடைய கல்லூரித் தோழர். அவரும் ஆர்க்கிடெக்ட்தான். ஒல்லி உடம்புக்காக அன்று வைத்த ‘பென்சில்’ என்ற பட்டப்பெயர் இன்றும் போகவில்லை.

“போஸ் குடுக்க இங்க கேமரா எங்கங்க இருக்கு?” என்றாள் கூட வந்த அவர் மனைவி.

“போன வாரம் வந்துச்சே பேப்பர்ல, அரைப் பக்கம்! சனிக்கிழமை ஆனா ஆபீஸே கிளம்பி வந்து இலவசமா வேலை செய்யுதாம். ஏன், நான் தர்மம் பண்ணலையா? கேட்டு வந்தவங்களுக்கெல்லாம் சும்மாவே பிளான் போட்டுக் குடுத்திருக்கேன். ஒருத்தன் எழுதினானா? நான் ஏணி ஏறலை, அதான்.”

“நீங்க ஆபீஸ் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டீங்க. போட்டுக் குடுத்த பிளான் கட்டடமாச்சான்னு கூடப் போய்ப் பார்த்ததில்லை. ஏணி எங்க ஏறறது!”

அந்த அரைப் பக்கத்தைப் படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. ஆர்க்கிடெக்ட் சங்கம் அடுத்த மாதம் தரப்போகும் சேவை விருதும் பென்சிலுக்குத்தான் என்று பேச்சு. மூன்று வருடமாக இவர் கண் வைத்திருக்கும் விருது அது. பென்சில் செய்யும் வேலையில் ஏதாவது ஓட்டை கண்டுபிடித்தால்தான் வயிற்றெரிச்சல் அடங்கும். அதற்காகத்தான் வந்திருந்தார்.

வரவேற்ற பொறுப்பாளர் அம்மாவிடம் விசிட்டிங் கார்டை நீட்டினார். அந்த அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஏணியைத் திரும்பிப் பார்த்தார்.

“டேய்! நீ எங்கடா இந்தப் பக்கம்?” பென்சில் அவசரமாக இறங்கி வந்தார். தலையெல்லாம் சிமென்ட் தூசி. அது கூட அவனுக்கு அழகாக இருப்பதாகப் பட்டது ஆர்க்கிடெக்டுக்கு. எரிச்சல் இன்னும் ஏறியது.

“சும்மா பார்க்க வந்தேன். பார்க்கக் கூடாதா?”

உள்ளே பென்சிலின் ஆபீஸ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் அவர்களை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கை முட்டியிலும் பிளாஸ்திரி.

“என்ன ஐயா காயம்?”

“கதவு குறுகல் தம்பி. உள்ள போக ஒரு பிளாஸ்திரி, வெளிய வர ஒரு பிளாஸ்திரி. இந்தப் பிள்ளை வந்த பிறகுதான் நாலு கதவு அகலமாச்சு.” பென்சிலின் முதுகில் தட்டிக்கொடுத்தார் தபால்காரர். தன் முதுகில் அப்படி யாரும் தட்டிக்கொடுத்ததாக ஆர்க்கிடெக்டுக்கு நினைவில்லை.

அவர் டேப்பை எடுத்து அடுத்த கதவை அளந்தார். பிறகு சக்கர நாற்காலிக்கான பழைய சாய்தளத்தில் ஏறிப் பார்த்தார், கால் வழுக்கியது. யார் வேலையில் என்றாலும் ஓட்டை ஓட்டைதான். முகம் மலர்ந்துவிட்டது.

“இது சாய்தளமா, சறுக்குமரமா? ரெண்டரை அடிக் கதவுல சக்கர நாற்காலி போகுமா? பாத்ரூம் கதவைத் திறந்தா வாஷ்பேசின்ல இடிக்குது. இதை வரைஞ்சவன் மனுஷனா? அந்த ஆளைச் சங்கத்துல நிறுத்திக் கேக்கணும்!”

கலவை குழைத்த பிள்ளைகள் கையை நிறுத்தினார்கள்.

“விடுடா, சரி பண்ணிட்டுத்தானே இருக்கோம்,” என்றார் பென்சில்.

“எதுக்கு விடணும்? அம்மா, பழைய பிளான் எங்க? கீழ யார் கையெழுத்து இருக்குன்னு பார்ப்போம்.”

பொறுப்பாளர் அம்மா பென்சிலைப் பார்த்தார். “அது... பீரோவுல இருக்கு சார். சாவி அவர்கிட்ட.”

“அது எதுக்குடா இப்ப?” பென்சிலின் குரல் இறங்கியது.

ஆர்க்கிடெக்டின் மூளையில் விளக்கு எரிந்தது. ஊரில் இத்தனை இல்லங்கள் இருக்க, இவன் இங்கேயே ஏன் வருகிறான்? சாவி இவனிடம் ஏன்?

“ஓகோ! அப்படியா சேதி! இது நீ வரைஞ்சதுதானா? உன் தப்பை நீயே மூடி மறைச்சுக்கிட்டு, அதுக்குப் பேரு சேவையா? அதுக்கு ஒரு விருது வேறயா?”

எல்லோரும் பென்சிலையே பார்த்தார்கள். அவர் தலைத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“நான்தான்னே வெச்சுக்கோடா. இப்ப என்ன அதுக்கு?”

“சார்!” என்று பதறினான் கலவை குழைத்த ஒருவன். பென்சில் கையைக் காட்டி அவனை அடக்கிவிட்டு, திரும்பவும் ஏணியில் ஏறிக்கொண்டார். சுத்தியல் சத்தம் கேட்டது.

ஆர்க்கிடெக்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல பேர் வாங்கினாயா, இப்போது பார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வேணாங்க. பாவம், அவர் ஒத்துக்கிட்டாரே!”

“நீ சும்மா இரு. அரைப் பக்கம் எழுதினாங்கல்ல? மீதி அரைப் பக்கத்தையும் எழுதட்டும்!” செல்போனில் பத்திரிகைக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்து, வாசல் பக்கம் நடந்தார்.

பொறுப்பாளர் அம்மா ஓடிவந்து வழியை மறித்தார். கையில் அந்த விசிட்டிங் கார்டு கசங்கியிருந்தது. ஏணியில் இருப்பவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“போன் பண்ணாதீங்க சார்... உங்க பேரு வெளிய வந்துடக் கூடாதுன்னுதான் அவர் அந்தப் பிளானைப் பூட்டி வெச்சிருக்கார்.”