வயிற்றிடம் ஒரு வார்த்தை

ஈரமணல் பானைக்குள் குளிர்ந்திருந்த இன்சுலின் குப்பியை அருள்கனி எடுத்தாள். ஒரு நாளைக்கு நாலு ஊசி, மூன்று வருஷமாக. ஏழு வயது மகள் ஸ்டெபியின் தொடையில் தழும்பில்லாத இடம் தேடித்தேடி அவளுக்குக் கண்ணே அலுத்துவிட்டது.

"யம்மா, இன்னைக்கு ஒருநாள் குடிச்சிக்கிடுதேன். கசந்தாலும் பரவால்ல."

"குடிச்சா கேக்காதுட்டி. ஒன் வயிறு சரியான சாப்பாட்டு ராமன். மருந்தையும் சோறுன்னு நெனச்சுத் தின்னு தீத்துரும். ரத்தத்துக்கு ஒரு சொட்டு மிஞ்சாது."

ஸ்டெபி சட்டையைத் தூக்கிப் பிடித்து, குனிந்து, தன் வயிற்றிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"இது சோறு இல்ல. இத மட்டும் விட்டுரு, என்ன?"

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஊசியைக் கையில் பிடித்தபடி, வயிறு என்ன சொல்லப்போகிறதென்று அருள்கனியும் காத்திருந்தாள்.