வலைப்பந்துப் பட்டியல்

பள்ளிக்கூடத்து வலைப்பந்துப் பட்டியலில் பத்மாசினியின் பெயர் இருக்கிறது, தன் மகள் ஞானாம்பிகையின் பெயர் இல்லை என்று கேள்விப்பட்டதும் மகாதேவிக்கு வயிறு எரிந்தது.

பத்மாசினி வேறு யாருமில்லை, சொந்த அக்கா சிவக்கொழுந்தின் மகள். ஒரே சீதனக் காணியைப் பிரித்துக் கட்டிய பக்கத்து வீடு. எல்லைப் பலாமரத்தில் வந்த சண்டையில், போய்வருகிற வழியாயிருந்த வேலிப் பொட்டை அடைத்து, கதைபேச்சையும் விட்டு நாலு வருஷம்.

பந்து கிட்ட வந்தால் கண்ணை மூடுகிற பிள்ளை பத்மாசினி. ஞானாம்பிகையோ விளையாட்டிலும் முதல், கணக்கிலும் முதல். பட்டியலில் உள்ளவர்களுக்குக் காலையில் பாலும் பணிசும் வேறாம். வெறும் பாண் ரொட்டிக்கே வரிசையில் நிற்கிற காலத்தில் இனிப்புப் பணிஸ். பட்டியல் போட்ட ரீச்சர் யோசப்பினுக்கு அக்கா பலாப்பழம் கொடுத்துக் காரியம் பார்த்திருக்கிறாள், வேறென்ன?

அடுத்த நாள் சந்தைக்குப் போன கையோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். ரீச்சர் பட்டியல் எழுதிய கொப்பியை மூடப் பார்த்தார். மகாதேவி விடவில்லை, இழுத்துக்கொண்டாள்.

கோடு போட்ட அட்டவணை. கீழே பெயர்களெல்லாம் பழைய மையில். மேலே 'தையல்', 'வலைப்பந்து' என்ற தலைப்புகள் மட்டும் புதுத் தாளில் எழுதி ஒட்டியிருந்தன.

"உந்தத் தலைப்புகளை ஏன் மாத்தினனீங்கள்? கள்ளத்தை மறைக்கத்தானே?"

கேட்டபடியே நகத்தால் தாள்களைக் கிளப்பினாள்.

'தையல்' தாளின் கீழே, 'மாற்றுச் சட்டை இல்லாதோர்' என்றிருந்தது. 'வலைப்பந்து' தாளின் கீழே, 'காலையில் சாப்பிடாமல் வருவோர்.'

"தலைப்பை மட்டும்தான் மாத்தினனான்," என்றார் ரீச்சர். "பழையதைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு பிள்ளையும் வராது. வலைப்பந்து எண்டால் ஓடி வருதுகள். தாய்மாருக்கும் இது தெரியாது."

மகாதேவியின் கண் பத்மாசினியின் பெயரை விட்டு நகரவில்லை. வேலிக்கு அங்கால் காலையில் அடுப்பு புகைகிறதா என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எச்சில் தொட்டுத் தாள்களைத் திரும்ப ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பின்னேரம் கத்தியோடு போய் வேலிப் பொட்டை வெட்டித் திறந்தாள். தங்கச்சி சண்டைக்குத்தான் வருகிறாள் என்று சிவக்கொழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஞானாம்பிகைக்குக் கணக்கு ஓடுதில்லை," என்றாள் மகாதேவி. "நாளையிலையிருந்து விடியப் பத்மாசினியை அனுப்பிவிடு. சொல்லிக் குடுத்துப்போட்டு, எங்கடை வீட்டிலையே சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும்."