புகார்ப் பெட்டியில் ஒரே ஒரு கடிதம்

"எழுதினவ யாருன்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். தெரிஞ்ச அடுத்த நிமிஷம் அவ இங்க வேலையில இருக்கக் கூடாது!"

முதலாளி டென்சில் காகிதத்தை மேஜை மேல் அறைந்தார். எதிரே நின்ற சிவசங்கரன் ஒரு அடி பின்வாங்கினான்.

கன்னடம் பேசும் ஊரான ஆனேக்கல் பக்கத்தில் இருநூறு பெண்கள் சட்டை தைக்கும் கம்பெனி அது. தொழிலாளர் சட்டப்படி எல்லாம் நடக்கிறது என்று காட்டினால்தான் வெளிநாட்டு ஆர்டர் வரும். அதைச் சரி செய்யத்தான் சிவசங்கரனைத் திண்டுக்கல்லிலிருந்து வேலைக்கு எடுத்தார்கள். வந்த நாலு மாதத்தில் பதிவேடுகள், குழந்தைகள் காப்பகம், தொழிலாளர் கமிட்டி எல்லாம் ஏற்படுத்தினான். சாப்பாட்டு ஹாலில் புகார்ப் பெட்டியும் மாட்டினான். பெயரே எழுத வேண்டாம், தைரியமாகப் போடுங்கள் என்று கூட்டம் போட்டுச் சொன்னான். யார் போடுவார்கள்? இரண்டு மாதமாக அதில் ஒரு பஸ் டிக்கெட் கூட விழவில்லை.

நேற்றுத்தான் முதல் கடிதம். தமிழில், கோணல்மாணலான எழுத்து. கன்னட ஊரிலேயே, ரிச்சர்ட்ஸ் டவுனில் வளர்ந்த டென்சிலுக்கு வீட்டில் பேச்சு தமிழ், படிப்பெல்லாம் இங்கிலீஷ். அதனால் சிவசங்கரன்தான் வாசித்துக் காட்டினான். "துணி திருடு போகுதுன்னு பின்கதவைப் பூட்டி வெச்சிருக்கீங்க. தீப்பிடிச்சா நாங்க எப்படி வெளியே வருவோம்? பயமா இருக்கு."

"பேர் போடாத கடிதம் சார். யாருன்னு தேடக் கூடாதுன்னு நாமளே ரூல் போட்டிருக்கோம்..."

"ரூலு போட்டது நீ. சம்பளம் குடுக்குறது நானு. தமிழ்க்காரங்க மூணாவது தையல் லைன்ல ஏழு பேருதானே? ஒவ்வொருத்தியா கூப்பிட்டு என் முன்னாடி ஒரு வரி எழுதச் சொல்லு. எழுத்து காட்டிக் குடுத்துரும்."

வந்தார்கள். மகா அழுதுகொண்டே வந்தாள். வீணா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேனாவை வாங்கிய ஆறு பேரும் சொன்னது ஒன்றேதான். "தமிழு எழுத வராது சார்."

கடைசியாக முத்தம்மா. பதினொரு வருஷ சர்வீஸ். புருஷன் இல்லை, படிக்கிற பெண்கள் இரண்டு பேர். பேனாவை மேஜை மேலேயே வைத்துவிட்டாள்.

"சாமி சத்தியமா சார், நானு படிச்சது கன்னட ஸ்கூலு. நாங்க ஏழு பேருமே இங்கயே பொறந்தவங்க. வூட்ல பேசுறதுதான் தமிழு. என் பேரைத் தமிழ்ல எழுதிக் காமிச்சாக்கூட எனக்குப் படிக்க வராது சார்."

"ஏழு பேரும் பேசி வெச்சுக்கினு வந்து நாடகமா ஆடுறீங்க?" டென்சில் எழுந்துவிட்டார். "சிவசங்கரன், ஏழு பேருக்கும் இன்னையோட கணக்கு முடிச்சு அனுப்பு!"

"ஐயோ!" முத்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்த வயசுல எனக்கு எவன் சார் வேலை குடுப்பான்? எந்தப் பாவி எழுதினாளோ, அவ நல்லா இருப்பாளா?"

 ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மருந்து சிவசங்கரன் சம்பளத்தில்தான் வாங்க வேண்டும். முதலாளியை எதிர்த்துப் பேசினால் இவனும் அவர்களோடு தெருவுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் மேஜைப் பக்கம் ஒரு அடி முன்னால் வந்தான்.

"அவங்க பொய் சொல்லலை சார்."

"உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"கதவைத் திறங்கன்னு நான் மூணு தடவை சொன்னப்போ நீங்க கேக்கலை. தொழிலாளி எழுதினா கேப்பீங்கன்னு, நான்தான் சார் இடது கையால எழுதிப் பெட்டியில போட்டேன். தமிழ் பேசுறவங்களுக்குத் தமிழ் எழுத வராம இருக்கும்னு திண்டுக்கல்காரன் எனக்கு எப்படி சார் தெரியும்?"