எழுந்து காட்டுங்க மேடம்

கிட்டே வா கண்ணு, இப்படி உட்கார். ஒரு பொய்க்குக் கைதட்டக் காத்திருந்த கூட்டத்தின் கதையைச் சொல்கிறேன்.

அது சூடேறும் கட்டில் விற்கிற கடை. காலை வேளையில் வயதானவர்கள் இலவசமாகப் படுத்துப் பார்க்கலாம். மூட்டுவலி, முதுகுவலி, சர்க்கரை, தூக்கமின்மை, எல்லாம் ஓடிப்போகுமாம். செத்தவரை மட்டும் எழுப்பாது. அதற்கு அடுத்த மாடல் வரும் போலிருக்கிறது.

விற்பனைக்காரன் கழுத்தில் டை, கையில் மைக், வாயில் தேன். வருகிற கிழவிகளெல்லாம் அவனுக்கு அம்மா, கிழவர்களெல்லாம் அப்பா. இப்படி ஒரு பிள்ளை வாய்க்க அவர்கள் போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தார்களோ.

ஒருத்தி மட்டும் மேடம். கடைசி நாற்காலிக்காரி.

அவள் வேலை எழுந்து நிற்பது. கைப்பிடியைத் தொடாமல் எழுந்து, இந்தக் கட்டிலால்தான் என் முட்டி குணமாயிற்று என்று மைக்கில் சொல்ல வேண்டும். கூட்டம் கைதட்டும். யாராவது ஒருவர் கட்டில் வாங்குவார்.

முட்டிக்குள் ஆணி அறைந்தாற்போல வலி அவளுக்கு. உடைக்குள்ளே துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் வருவாள். இந்த மாதம் நன்றாக விற்றால் நல்ல டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். போன மாதமும் அதே வாக்குதான். அவன் வாக்கைத் தண்ணீரில்தான் எழுதி வைக்க வேண்டும்.

அன்று ஒரு தபால்காரர் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர், காலை இழுத்து இழுத்து நடப்பவர். முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதை விட்டுவிட்டுக் கட்டில் வாங்கிவிடலாமா என்று மனசு ஊசலாடியது. விற்பனைக்காரனை விட்டு நேரே கடைசி நாற்காலிக்கு வந்தார்.

"உங்களை நம்பித்தாம்மா கேக்குறேன். நெசமாவே சரியாயிடுச்சா? ஆபரேஷன் வேணாம்னு சொல்லிடவா?"

"எழுந்து காட்டுங்க மேடம்," என்றான் அவன், பல்லெல்லாம் தெரிய.

அவள் எழவில்லை.

குனிந்து உடையை முழங்காலுக்கு மேலே தூக்கினாள். பட்டைக்கு மேலும் கீழும் முட்டி வீங்கிப் பிதுங்கிக் கிடந்தது.

"போய் ஆபரேஷன் பண்ணிக்குங்கய்யா."

யாரும் கைதட்டவில்லை. கட்டில்கள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன.

அவன் மைக்கை மூடிக்கொண்டு அவள் காதருகே பல்லைக் கடித்தான். "என்ன மேடம், என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்க?"

"வீட்டுக்கு வாடா, சொல்றேன்."

வாழ்நாளெல்லாம் விலாசம் பார்த்துப் பழகிய கண் தபால்காரருக்கு. அவள் முகத்தைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். ஒரே மூக்கு. முகவாயில் ஒரே குழி.

நீ நன்றாயிரு, கண்ணு. உன் வீட்டு மூட்டுகளுக்கு வலி தெரியாமல் இருக்கட்டும். பெற்றவளை அம்மா என்று கூப்பிட உன் பிள்ளைகளுக்கு வாய் கூசாமல் இருக்கட்டும்.